நீளமான ஆங்கிலச் சொல்லில் சிக்கினால்: எங்கே வெட்டுவது, எதை வைத்து வெட்டுவது

நீளமான ஆங்கிலச் சொல்லில் யாராவது தடுமாறினால் "பிரித்துப் படி" என்று சொல்லிவிடுகிறோம். எப்படிப் பிரிப்பது என்று சொல்வதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்வதில்லை: ஒரே சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம், இரண்டுமே சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஒன்று வாய்க்கான பிரிப்பு, அதாவது அசை. மற்றது பொருளுக்கான பிரிப்பு, அதாவது முன்னொட்டு, வேர், பின்னொட்டு. ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அதை ஹெ-லி-காப்-டர் என்று நான்காக வெட்டும். பொருள்படி வெட்டினால் ஹெலிகோ, ப்டெர் என்று இரண்டே துண்டு. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை, முதலாவது சுருள், இரண்டாவது இறக்கை. பழங்காலத்துப் பறக்கும் விலங்கான டெரோடாக்டிலின் தொடக்கத்தில் ஒலிக்காமல் ஒரு 'பி' நிற்கிறதே, ஹெலிகாப்டரின் நடுவில் ஒலிக்கும் 'பி' அதேதான். வாய் வெட்டுகிற இடத்தில் பொருள் வெட்டவில்லை.

நமக்கு இது புதிதல்ல. பள்ளியில் 'வந்தனன்' என்ற சொல்லை அலகிடச் சொன்னால் வந்-தனன், நேர் நிரை, கூவிளம் என்று எழுதினோம். அதே சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் வா(வ)+த்(ந்)+த்+அன்+அன் என்று எழுதினோம். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஆங்கிலத்திலும் அப்படியேதான், ஒரு வேலைக்கு மற்றதன் வெட்டைப் போட்டால் சிக்கல். வாசிப்பதிலும் உச்சரிப்பதிலும் தடுமாற்றம் என்றால் முதலில் அசையைப் பாருங்கள். எழுத்துக்கூட்டுவதிலோ பொருளிலோ தடுமாற்றம் என்றால் உறுப்பைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் நிரையசையில் இரண்டு உயிரொலி இருக்கும், 'தனன்' நமக்கு ஓர் அசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு. அங்கே ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான் சட்டம். கீழே அசை என்று எழுதும் இடமெல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன். இன்னொன்று, சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், அதனால் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே படியுங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் இது கையில் தங்காது.

முதல் பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகிக்கிறீர்கள்

இதுதான் மிகப் பரவலான சிக்கல். கான்வர்சேஷன் என்று எழுதியிருக்கும், கன்சர்வேஷன் என்று படிப்பார்கள். இரண்டும் ஒரே எழுத்துக்களில் தொடங்குகின்றன, ஒரே எழுத்துக்களில் முடிகின்றன, நடுவில் 'வி'யும் 'எஸ்'ஸும் இடம் மாறியிருக்கின்றன, வேறு வித்தியாசமே இல்லை. கண் முதல் மூன்று எழுத்தையும் கடைசி ஐந்து எழுத்தையும் பார்த்துவிட்டு நடுவைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. ஆனால் சொல்லின் பொருள் இருப்பது அந்த நடுவில்தான்: 'வெர்ஸ்' திருப்புவது, 'ஸெர்வ்' காப்பது.

தீர்வு, முனைகளைத் தெரிந்துகொண்டே மூடுவது. பின்னொட்டை ஒரு விரலால் மறையுங்கள், முன்னொட்டை இன்னொரு விரலால் மறையுங்கள், நடுவில் மிச்சம் இருப்பதை மட்டும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அப்புறம் விரல்களை எடுங்கள். முன்னொட்டும் பின்னொட்டும் திரும்பத் திரும்ப வருபவை, முப்பது நாற்பது தெரிந்துவிட்டால் பெரும்பாலான சொற்களின் இரண்டு ஓரமும் இலவசமாகக் கிடைத்துவிடும்.

சொல் அதற்கும் மேல் நீளமாக இருந்தால் கடைசியிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். ரெஸ்பான்ஸிபிலிட்டியைப் பாருங்கள். பதினான்கு எழுத்து. உயிரெழுத்துக்களுக்குக் கீழே மட்டும் ஒரு புள்ளி வையுங்கள், கடைசி 'ஒய்'யும் இங்கே உயிர்தான். ஆறு புள்ளி, அதனால் ஆறு அசை. இப்போது டி. அப்புறம் இ-டி. அப்புறம் பில்-இ-டி. ஸி-பில்-இ-டி. ஸ்பான்-ஸி-பில்-இ-டி. ரி-ஸ்பான்-ஸி-பில்-இ-டி. முன்னாலிருந்து தொடங்கினால் போகப் போகத் தெரியாத பகுதிக்குள் நுழைகிறோம், மூச்சும் தைரியமும் கடைசியில்தான் தீரும். பின்னாலிருந்து கட்டினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரே ஓர் அசையைச் சொல்லிவிட்டு ஏற்கெனவே பழகிய பாதைக்குள் போய்விடுகிறோம். குழந்தைகளுக்கும் சரி, பெரியவர்களுக்கும் சரி, இதைவிட விரைவாகப் பலன் தரும் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

அசை கூடிப்போகிறது

பாதிக் காரணம் ஆங்கில எழுத்து, பாதிக் காரணம் நம் நாக்கு. எழுத்தின் பக்கம் முதலில் பார்ப்போம். சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' பெரும்பாலும் ஒலிக்காது, முந்தைய உயிரை நீட்டிவிட்டுச் சும்மா நிற்கும், மேக், ஹோப், டைம் எல்லாம் ஒற்றை அசை. இறந்தகாலத்தில் ஒட்டும் 'ஈ-டி' இன்னும் பெரிய கண்ணி. வாக்ட் ஓர் அசை, ப்ளேட் ஓர் அசை, வாக்கெட் என்றோ ப்ளேயெட் என்றோ இழுக்கக் கூடாது. மூலச்சொல்லே 'டி' ஒலியில் முடிந்தால் மட்டும், அது டீச்சரில் வரும் டி-யோ டோரில் வரும் டி-யோ, தனி அசை பிறக்கும்: வான்டெட், நீடெட். விதிவிலக்குகள் சில உண்டு, நேக்கெட், விக்கெட் (கொடிய என்ற பொருளில் வருவது) இரண்டும் பெயரடைகள், இரண்டு அசை. லேர்ன்ட் வினையாக வந்தால் ஓர் அசை, கற்றறிந்த என்று பெயரடையாக வந்தால் லேர்னெட், இரண்டு.

பன்மையும் இதே கணக்குத்தான். ஸ், ஷ், ச், ஜ் மாதிரிச் சீறும் ஒலியில் முடிந்தால் பாக்ஸஸ், வாட்சஸ் என்று அசை கூடும். மற்ற இடங்களில் கூடாது.

இனி நம் நாக்கு. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை, அதனால் பேக் என்பது பேக்கு ஆகிறது, கேட் என்பது கேட்டு ஆகிறது, நாமே கவனிக்காமல் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதும் ஓர் அசை கூடிவிடுகிறது. தொடக்கத்தில் 'எஸ்'ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் இகரம் முளைக்கும், ஸ்கூல் இஸ்கூல் ஆகும். நடுவிலும் நடக்கும்: ஃபிலிம் என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் ஒற்றை அசை, எல்லுக்கும் எம்முக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெங்த்ஸ் என்ற சொல்லில் ஒன்பது எழுத்து, ஒரே உயிர், ஒரே அசை. நேர்மாறாக ஏரியாவில் நாலே எழுத்து, மூன்று அசை. எழுத்தின் நீளத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

தாடைக்குக் கீழே கையை வைத்து, தாடை எத்தனை தடவை இறங்குகிறது என்று எண்ணச் சொல்வார்கள். எனக்கு அந்த முறையில் முழு நம்பிக்கை இல்லை. இ, ஈ போன்ற உயிர்களுக்குத் தாடை அசைவதே தெரியாது, போதாக்குறைக்கு நீங்களே இஸ்கூல் என்று சொல்லிக்கொண்டு எண்ணினால் கை உண்மையாக இரண்டு என்றுதான் காட்டும். சொல்லைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லிப் பாருங்கள். எங்கெல்லாம் குரலை நிறுத்தி நீட்ட முடிகிறதோ அங்கெல்லாம் ஓர் உயிர் இருக்கிறது.

இன்னொரு வகை. எழுத்தில் இருக்கும் அசை பேச்சில் விழுந்துவிடும். கம்ஃபர்டபிள் எழுத்தில் நான்கு, பேச்சில் பெரும்பாலும் மூன்று, கம்ஃப்-ட-பிள். டிஃப்ரன்ட் இரண்டு, பிஸ்னெஸ் இரண்டு, சாக்லெட் இரண்டு, இன்ட்ரெஸ்டிங் மூன்று. எழுதும்போது மட்டும் விழுந்த அசையை மனதுக்குள் திரும்பச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள், டிஃப்-ஃபெ-ரென்ட், பி-ஸி-னெஸ் என்று. வாய்க்கு வெளியே வரக் கூடாது.

அசை குறைகிறது

இரண்டு உயிரெழுத்து அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகத்தான் ஒலிக்கும் என்று பழகியிருப்போம், பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சயன்ஸ், லயன், பொயம், மியூசியம் எல்லாவற்றிலும் அவை தனித்தனி. முதலில் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தெரிந்த சொல்லாகக் காதில் விழவில்லையென்றால் நடுவே கோடு போடுங்கள். முன்னொட்டு முடியும் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் பிரியும். ரீச், ரியாக்ட் இரண்டும் ஆர்-ஈ-ஏ என்று தொடங்குகின்றன, முதலாவதில் முன்னொட்டு இல்லை, அதனால் ஓர் அசை. இரண்டாவதில் ரி என்ற முன்னொட்டும் ஆக்ட் என்ற சொல்லும் இருக்கின்றன, அதனால் இரண்டு. கோ-ஆபரேட்டும் அப்படியே. ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாறுவதும் உண்டு: கிரியேட்டில் 'ஈ-ஏ' பிரிகிறது, அதன் உறவான கிரீச்சரில் சேர்ந்துவிடுகிறது.

உயிரெழுத்தே இல்லாமல் அசை பிறக்கும் இடமும் இருக்கிறது. டேபிள், லிட்டில் போன்றவற்றின் கடைசி 'எல்-ஈ', தனக்கு முன்னால் நிற்கும் மெய்யை இழுத்துக்கொண்டு தனி அசையாகும். பிரிஸம், ரிதம் இரண்டிலும் கடைசி எம்மே ஓர் அசை.

எண்ணிக்கை சரி, உயிரொலி தவறு

இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அதை முன் அசையோடு சேர்ப்பதா பின் அசையோடு சேர்ப்பதா? ரோ-பாட், ராப்-இன். டை-கர், ரிவ்-அர். மெய் பின்னால் போனால் முன்னால் இருக்கும் உயிர் திறந்து நீளும், மெய் முன்னால் ஒட்டினால் உயிர் அடைபட்டுக் குறுகும். எந்தச் சொல்லுக்கு எது என்று எழுத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. முதலில் திறந்து சொல்லுங்கள், பிடிபடாவிட்டால் அடைத்துச் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று தெரிந்த சொல்லாக வந்து நிற்கும். மெய் இரட்டித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், உயிர் குறில். டைனர், டின்னர் இரண்டுக்கும் எழுத்தில் ஓர் 'என்' தான் வித்தியாசம். ஹோப்பிங், ஹாப்பிங் இரண்டுக்கும் ஒரு 'பி'.

நீளமான சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த துப்பு ஒன்று இருக்கிறது. 'ஐ-சி' என்ற பின்னொட்டுக்கு முந்தைய உயிர் பெரும்பாலும் குறுகிவிடும். டோன், ஆனால் டானிக். கோன், ஆனால் கானிக். அத்லீட், ஆனால் அத்லெட்டிக். (பேஸிக், மியூசிக், ஸீனிக் மாதிரிச் சில தப்பித்துவிட்டன.) சொல்லில் பின்னொட்டு சேர்ந்து, கடைசியிலிருந்து மூன்றாவது இடத்துக்கு உயிர் தள்ளப்பட்டாலும் பல சமயம் இதே கதை: டிவைன் டிவினிட்டி ஆகும்போது 'ஐ' குறுகி 'இ' ஆகிறது, நேஷன் என்பதன் நெடில், நேஷனல் என்று நாம் எழுதும் சொல்லில் பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுகிய உயிராகிவிடுகிறது. நேச்சருக்கும் நேச்சுரலுக்கும் அதே உறவு. நாம் தமிழில் இரண்டையும் ஒரே ஏகாரத்தால் எழுதுவதால் இந்த வித்தியாசம் நம் காதுக்கு எட்டாமலே போகிறது.

கோடு தவறான இடத்தில் விழுகிறது

எஸ்-எச், டி-எச், பி-எச், சி-எச் எல்லாம் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து, நடுவில் வெட்டக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சிலர் மிஸ்-ஹாப்பை மிஷ்-ஆப் என்று படிக்கிறார்கள். அசம்பாவிதம் என்ற பொருள் கொண்ட அந்தச் சொல்லில் மிஸ் முன்னொட்டு, ஹாப் வேர், 'எஸ்'ஸும் 'எச்'சும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மேய்ப்பரைக் குறிக்கும் சொல் ஷெப்-ஹெர்ட், அதாவது ஆடும் மேய்ப்பவரும், அதனால்தான் அதை ஷெஃபர்ட் என்று படிக்காமல் ஷெப்பர்ட் என்கிறோம். அப்-ஹில்லும் அப்படியே.

மிஸ்-லெட், தவறாக வழிநடத்தப்பட்டது, இதை மைஸில்ட் என்று மனதுக்குள் படித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலேயே நிறைய. இன்-ஃப்ரா-ரெட் என்பதை இன்-ஃப்ரேர்ட் என்று படிப்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் குற்றவாளி ஒன்றே, உறுப்பு பிரியும் இடத்தை விட்டுவிட்டு ஒலி பிரியும் விதியை மட்டும் போட்டது. இரண்டும் மோதினால் முன்னொட்டுக்குப் பின்னால் வரும் கோடுதான் ஜெயிக்கும். அதனால் எந்த நீளச் சொல்லிலும் முதலில் முன்னொட்டு, பின்னொட்டுக் கோடுகளைப் போட்டுவிட்டு, அப்புறம் உள்ளே அசை பாருங்கள். கோடு மாறினால் சொல்லே மாறும் இடமும் உண்டு: சங்கமாகத் திரண்ட தொழிலாளரைக் குறிக்கும் யூனியனைஸ்ட் என்ற அதே எழுத்துக்களை அன்-அயனைஸ்ட் என்று வெட்டினால் அயனியாகாத அணு.

எல்லாம் சரியாகச் சொல்லியும் கேட்பவருக்குப் புரியவில்லை

அசை சரி, உயிர் சரி, ஆனால் எதிரில் இருப்பவர் "என்ன?" என்கிறார். அழுத்தம் தவறு. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை. ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், பக்கத்து அசைகள் கரைந்து 'அ' மாதிரி மங்கலான ஒலியாகிவிடும். எது ஓங்குகிறது என்று வைத்துத்தான் அவர்கள் காது சொல்லைத் தேடுகிறது.

ஃபோட்டோகிராஃபை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்கும். ஃபொடாகிரஃபி என்பதில் இரண்டாவது, 'டா' ஓங்கும், முதல் அசை ஃப என்று சுருங்கிவிடும். ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவது, 'கிரா'. ஒரே வேர், பின்னொட்டு மாற மாற அழுத்தம் ஒவ்வொரு படியாக வலப்பக்கம் நகர்கிறது. அகராதியைப் புரட்டாமலே இதை முன்கூட்டிச் சொல்ல முடியும், காரணம் அழுத்தத்தைப் பின்னொட்டுத்தான் இழுக்கிறது. ஷன் என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும். 'ஐ-சி' என்று முடிந்தாலும் முந்தைய அசை. இட்டி என்று முடிந்தாலும் அதற்கு நேர் முன்னால் உள்ளது: எலக்ட்ரிக்கில் 'லெக்', எலக்ட்ரிஸிட்டியில் 'ட்ரி'. இஞ்சினியர், வாலன்டியர், ரெஃப்யூஜீ போன்றவற்றில் கடைசி அசையே அழுத்தத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். நெஸ், ஃபுல், லெஸ், லி, மென்ட் ஆகியவை எதையும் அசைக்காது, மூலச்சொல்லில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். 'ஐ-சி'க்கு விதிவிலக்கு உண்டு, பாலிடிக்ஸ், அரபிக், கேதலிக் மூன்றிலும் முதல் அசைதான். அவற்றைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் நீளமில்லை.

பின்னொட்டே இல்லாமல் அழுத்தம் மட்டும் மாறும் ஜோடிகளும் இருக்கின்றன. ரெக்கார்ட் பெயரானால் முதல் அசை, வினையானால் இரண்டாவது. ப்ராஜெக்ட், ப்ரெஸன்ட், ஆப்ஜெக்ட் எல்லாம் இந்த ரகம்.

பொருளை ஊகித்தால் தப்பாகப் போகிறது

முன்னொட்டு பழகிய புதிதில் எல்லா இடத்திலும் முன்னொட்டு தெரியும். அங்கிளில் 'யு-என்' இருக்கிறது, ஆனால் அங்கே மறுப்பு ஒன்றும் இல்லை. மிஷனில் 'எம்-ஐ-எஸ்' இருக்கிறது, தவறு ஒன்றும் இல்லை. அவுட்ரேஜ் என்ற சொல் அவுட்டும் ரேஜும் சேர்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் அது பழைய பிரெஞ்சிலிருந்து முழுசாக வந்த சொல், எல்லை மீறுவது என்ற பொருளில்.

சோதனை எளிது. முன்னொட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், அந்த மிச்சம் வேறு சொற்களிலும் அதே பொருளோடு வருகிறதா? தனிச் சொல்லாக நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'ரப்ட்' தனியாக நிற்காது, ஆனால் இன்டரப்ட், கரப்ட், இரப்ட், பேங்க்ரப்ட் நான்கிலும் உடைதல் இருக்கிறது, ஆகவே அது உண்மையான வேர். அங்கிளின் மிச்சமான 'க்ளே' வேறு எங்கும் போய் நிற்காது. இன்டரப்டில் 'ஆர்' ஏன் இரட்டித்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும், இன்டர் ஓர் 'ஆர்' கொண்டுவருகிறது, ரப்ட் ஓர் 'ஆர்' கொண்டுவருகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை, இதில் ஆபத்தும் இருக்கிறது. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. முன்னால் இருக்கும் 'இன்' மறுப்பு இல்லை, உள்ளே மூட்டுவது என்ற பொருளில் வந்தது, இன்ஃப்ளேம் என்ற வினையிலிருந்து. தீப்பற்றாது என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்ற வடிவம் பரவியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

எந்த எழுத்து இரட்டிக்கும் என்று தெரியவில்லை

இங்கே அசையை விட்டுவிடுங்கள், அது உதவாது. காது இரட்டை எழுத்தைக் கேட்பதில்லை. உறுப்புக்கு வாருங்கள், நம் புணர்ச்சி இலக்கணத்தையும் கூடவே கொண்டுவாருங்கள். மரம்+கள் மரங்கள் ஆகிறது, வரும் மெய்க்கு ஏற்ற மாதிரி மகரம் மாறுகிறது. லத்தீன் முன்னொட்டுகளும் அப்படியே. மறுப்பைக் குறிக்கும் 'இன்', உதடு மூடும் ஒலிக்கு முன்னால் 'இம்' ஆகும், இம்பாஸிபிள். எல்லுக்கு முன்னால் 'இல்', இல்லீகல். ஆருக்கு முன்னால் 'இர்', இர்ரெகுலர். இரட்டை எழுத்தில் ஒன்று முன்னொட்டின் பங்கு, மற்றது வேரின் பங்கு.

எல்லோரும் தவறாக எழுதும் அக்காமொடேட்டை எடுத்துப் பிரிப்போம். முதல் துண்டு 'ஏ-டி', நோக்கி என்ற பொருள். இரண்டாவது 'சி-ஓ-எம்', சேர்ந்து. மூன்றாவது 'மோட்', அளவு. கடைசியில் ஏட் என்ற வினைப் பின்னொட்டு. முதல் துண்டின் 'டி', அடுத்து வரும் 'சி'யைப் பார்த்து 'சி'யாக மாறிவிடுகிறது, அதனால் இரண்டு 'சி'. இரண்டாவது துண்டு எம்மில் முடிகிறது, மூன்றாவது எம்மில் தொடங்குகிறது, அதனால் இரண்டு 'எம்'. இப்போது ரெகமெண்டைப் பாருங்கள்: ரி, காம், மெண்ட். ரி உயிரில் முடிவதால் ஒட்டுமிடத்தில் இரட்டிக்க ஒன்றுமில்லை, ஒற்றை 'சி'. காமும் மெண்டும் சேரும் இடத்தில் இரண்டு 'எம்'. ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றது கேள்வியே இல்லாமல் விழுகிறது.

டிஸப்பியர் என்பது டிஸ்+அப்பியர், ஆகவே ஒற்றை 'எஸ்', இரட்டை 'பி'. டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் என்பது டிஸ்+ஸாட்டிஸ்ஃபைட், இரட்டை 'எஸ்'. மிஸ்ஸ்பெல் என்பதற்கே இரண்டு 'எஸ்', மிஸ்+ஸ்பெல். அன்நெஸஸரிக்கு இரண்டு 'என்'. கவர்மென்ட் என்று ஒலிப்பதால் பலர் நடுவில் உள்ள 'என்'னை விட்டுவிடுகிறார்கள், கவர்ன்+மென்ட் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். என்விரான்மென்ட்டும் அதே. டெஃபினிட்லியில் 'ஏ' போடுகிறவர்கள் நடுவே ஃபினிட், அதாவது ஃபைனைட் என்ற சொல் முழுசாக இருப்பதைப் பார்த்தால் போதும். எம்பாரஸுக்கு இந்த வழி பலிக்காது, இரண்டு 'ஆர்', இரண்டு 'எஸ்', மனப்பாடம்தான்.

ஒலிக்காத எழுத்துக்கும் உறவினரைக் கேளுங்கள். ஸைனில் 'ஜி' ஏன்? சிக்னேச்சரில் அது ஒலிக்கிறது. மஸிலில் 'சி' ஏன்? மஸ்குலரில் ஒலிக்கிறது. செய்தித்தாள் பத்தியைக் குறிக்கும் காலம் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி 'என்', காலம்னிஸ்டில் வாய் திறக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டு பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது பல இடங்களில் ஒலியை விட்டுக்கொடுத்து உறவைக் காப்பாற்றுகிறது.

அகராதியின் புள்ளி என் பிரிப்போடு ஒத்துப்போகவில்லை

தலைச்சொல்லுக்கு நடுவே அகராதி போடும் புள்ளிகள் பெரும்பாலும் அச்சுக்காக, வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்காக. ஓர் எழுத்து மட்டும் வரியோரத்தில் அநாதையாக நிற்கக் கூடாது என்பதால் அகெய்ன் போன்ற இரண்டு அசைச் சொல்லுக்குப் பல அகராதிகளில் புள்ளியே இருக்காது. அசை வேண்டுமானால் பக்கத்தில் உச்சரிப்புக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்க மரபு ஒலிப்படி உடைக்கும், பிரிட்டிஷ் மரபு உறுப்புக்கு மதிப்புக் கொடுக்கும்: நாலெட்ஜை முன்னவர்கள் எல்லுக்குப் பின்னால் உடைப்பார்கள், பின்னவர்கள் நோ, லெட்ஜ் என்று உடைப்பார்கள். இரண்டும் அவரவர் கணக்கில் சரி.

கணினி உடைப்பதும் இந்தக் குழப்பத்துக்குள்தான் வருகிறது. டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக ஃபிராங்க் லியாங் 1983-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஒரு முறையைக் கொடுத்தார். அகராதியை முழுசாகச் சேமிக்காமல் 4447 எழுத்துக்கோவைகளை வைத்தே சரியான உடைப்பிடங்களில் 89 சதவீதத்தைக் கண்டுபிடித்துவிடும். தவறாக உடைப்பதைவிட உடைக்காமல் விடுவதே மேல் என்பது அதன் கொள்கை. கூடவே 14 சொற்களுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருந்தது, அதில் ப்ரெஸன்ட், ப்ராஜெக்ட் இரண்டும் உடைக்கவே கூடாத சொற்களாக இருக்கின்றன. ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்: பெயரா வினையா என்று தெரியாமல் ப்ரெஸ்-அன்டா, ப்ரி-ஸென்டா என்று முடிவுசெய்ய முடியாது.

அறிவியல் சொற்களைப் பார்த்தாலே பயம்

உண்மையில் இவைதான் எளிது. சாதாரணச் சொற்களைவிட ஒழுங்காகக் கட்டப்பட்டவை. கிரேக்க, லத்தீன் துண்டுகளை அடுக்கி நடுநடுவே ஓர் 'ஓ' போட்டு ஒட்டியிருப்பார்கள். எலக்ட்ரோஎன்செஃபலோகிராம், 20 எழுத்து, எட்டு அசை. எலக்ட்ரோ மின்சாரம், என் உள்ளே, செஃபலோ தலை, கிராம் வரைவு. தலைக்குள் இருக்கும் மின்சாரத்தின் வரைபடம். ஒட்டும் 'ஓ'வைக் கண்டதும் அதற்குப் பின்னால் கோடு போடுங்கள்.

ஒரே ஒரு தடங்கல், லஜி, மீட்டர், கிரஃபி என்று முடிந்தால் வாய் அந்த 'ஓ'வைத் தூக்கி அழுத்தத்தைக் கொடுத்துவிடும். பொருளுக்கு பயோ+லஜி, வாய்க்கு ப-யா-ல-ஜி. பொருளுக்கு தெர்மோ+மீட்டர், வாய்க்கு தெர்-மா-மி-டர். தாளில் இரண்டு வரி எழுதுங்கள், மேல் வரியில் உறுப்பு, கீழ் வரியில் அசை.

அகராதிகளில் இடம்பிடித்த மிக நீளமான சொற்களில் ஒன்று 45 எழுத்து, 19 அசை. நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற அமெரிக்கப் புதிர் அமைப்பின் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-ல் நீளத்துக்காகவே உருவாக்கியது. நிமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்காபிக், ஸிலிகோ, வால்கேனோ, கோனி, ஓஸிஸ். நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். ஏழு துண்டில் நாலைந்து ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமில்லை, மருத்துவர்கள் நிஜமாகவே பயன்படுத்தும் சொல் இதன் இரண்டு முனைகளை மட்டும் சேர்த்ததுதான்: நிமோகோனியோஸிஸ். மேல் வரியில் நிமோ, கோனி, ஓஸிஸ். கீழ் வரியில் நி-மோ-கோ-னி-ஓ-ஸிஸ், ஆறு அசை, அழுத்தம் ஐந்தாவதில்.